பெட்டிக்குள் என்ன இருக்கிறது? துறைமுகங்களில் கொள்கலன் சோதனை நடப்பது எப்படி

2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து 323 கொள்கலன்கள் கட்டாயமான பௌதிகப் பரிசோதனை இன்றி வெளியே விடப்பட்டன. துறைமுக நெரிசலைக் குறைப்பதற்கான நடவடிக்கை என்று அரசாங்கத் தரப்பு விளக்கம் சொன்னது. உள்ளே என்ன இருந்தது என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது, நாடாளுமன்றத்தில் வாதங்கள் நடந்தன. ஆயுதம் முதல் போதைப்பொருள் வரை எல்லா ஊகங்களும் சமூக ஊடகங்களில் வலம் வந்தன.

இந்தச் சத்தத்தில் ஒரு அடிப்படை விடயம் விடுபட்டுப் போனது. வழக்கமான நாளொன்றில் ஒரு துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களில் எத்தனை சோதிக்கப்படுகின்றன? யார் தெரிவு செய்கிறார்கள்? மிகுதி எந்த நம்பிக்கையில் போகின்றன? இவை தெரியாமல் 323 என்ற எண் பெரியதா சிறியதா என்று சொல்ல முடியாது.

திறக்கப்படாமல் இருப்பதே அதன் பயன்

1956 ஏப்ரலில் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்கப் பாரவூர்தி முதலாளி 58 அலுமினியப் பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தட்டில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன்னர் மூட்டை மூட்டையாகவும் பெட்டி பெட்டியாகவும் ஏற்றி இறக்கப்பட்ட சரக்கு, அதன் பின்னர் தொழிற்சாலை வாசலில் பூட்டப்பட்டு, வாங்குபவரின் வாசலில் திறக்கப்படும் பொருளாக மாறியது. இடையில் எவரும் தொடவேண்டியதில்லை. திருட்டும் நேரமும் செலவும் குறைந்தன.

பாதுகாப்புப் பிரச்சினையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. கொழும்பு 2023 இல் கையாண்ட கொள்கலன்கள், 20 அடி அலகுகளில் கணக்கிட்டால், ஏறத்தாழ 69.5 இலட்சம். ஒரு 40 அடிக் கொள்கலனை முழுமையாக இறக்கி, பார்த்து, மீண்டும் அடுக்க நாலைந்து தொழிலாளர்களுக்குப் பல மணித்தியாலங்கள் வேண்டும். எல்லாவற்றையும் திறப்பது என்று ஒரு நாடு முடிவெடுத்தால் அன்றே அந்த நாட்டின் துறைமுகம் மூடப்பட்டதாகத்தான் அர்த்தம். ஆகவே உலகெங்கும் சுங்க அதிகாரிகள் செய்வது ஒன்றே: பெரும்பாலானவற்றைத் திறக்காமல் விட்டு, எவற்றைத் திறப்பது என்று தெரிவு செய்வது. கொள்கலன் பாதுகாப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தத் தெரிவு பற்றியதே.

அச்சம் தொடங்கிய இடம்

2001 செப்டெம்பர் 11 தாக்குதல்கள் விமானங்களால் நடத்தப்பட்டவை. ஆனால் வொஷிங்டனில் அடுத்த கேள்வி கொள்கலன் பற்றியதாகவே இருந்தது. அடுத்த மாதமே அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. இத்தாலியின் ஜோயா தவுரோ துறைமுகத்தில் கனடாவுக்குச் செல்லவிருந்த ஒரு கொள்கலனுக்குள் ஒரு மனிதர் பிடிபட்டார். உள்ளே படுக்கை, கழிப்பறை வசதி, மடிக்கணினி, கைத்தொலைபேசிகள், விமான நிலையங்கள் தொடர்பான ஆவணங்கள் எல்லாம் இருந்தன. அவர் பயங்கரவாதி என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஒரு மனிதன் வீடுபோல அமைத்துக்கொண்டு கண்டம் தாண்டலாம் என்பதே அதிகாரிகளைக் கலங்கவைக்கப் போதுமாக இருந்தது.

2002 இல் ஏபிசி தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் சுமார் 7 கிலோகிராம் எடையுள்ள செறிவு குறைக்கப்பட்ட யுரேனியத்தை இஸ்தான்புல்லிலிருந்து நியூயோர்க்குக்குக் கொள்கலனில் அனுப்பிப் பார்த்தார்கள். அது எவரிடமும் அகப்படாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் ஜகார்த்தாவிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸுக்கு அதே சோதனை, அதே முடிவு. அந்தப் பொருளால் வெடிகுண்டு செய்ய முடியாது என்று அதிகாரிகள் கோபப்பட்டார்கள். ஆனாலும் ஊடகங்கள் வெட்கப்படுத்தியிராவிட்டால் பின்னர் வந்த பணம் அந்த வேகத்தில் ஒதுக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

2006 இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் ஒரு கற்பனை நிலைமையைக் கணக்கிட்டது. லோங் பீச் துறைமுகத்தில் ஒரு கொள்கலனுக்குள் 10 கிலோதொன் அணுகுண்டு வெடித்தால் சுமார் 60,000 பேர் இறக்கலாம், பொருளாதார இழப்பு ஒரு டிரில்லியன் டொலரை எட்டலாம் என்றது அந்தக் கணக்கு. இப்படியொரு சம்பவம் இன்றுவரை நடக்கவில்லை. நடந்தது சிறிய அளவில், வேறு விதமாக: 2004 மார்ச்சில் இஸ்ரேலின் அஷ்டொட் துறைமுகத்தில் இரு தற்கொலைக் குண்டுதாரிகள் 10 பேரைக் கொன்றார்கள். காசாவிலிருந்து வந்த ஒரு கொள்கலனின் போலிச் சுவருக்குப் பின்னால் மறைந்து அவர்கள் எல்லை தாண்டியதாக விசாரணையில் கூறப்பட்டது.

முதலில் கடதாசி, பிறகு இயந்திரம்

அமெரிக்கச் சுங்கத்துறை 2002 ஜனவரியில் கொள்கலன் பாதுகாப்பு முன்முயற்சி என்ற திட்டத்தை அறிவித்தது. அதன் தர்க்கம் எளிமையானது. குண்டு உள்ள பெட்டியை நியூயோர்க்கில் கண்டுபிடிப்பதால் பயனில்லை. அப்போது அது ஏற்கெனவே நியூயோர்க்கில் இருக்கிறது. எனவே கப்பலில் ஏறும் இடத்திலேயே பார்க்கவேண்டும். அமெரிக்க அதிகாரிகள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் பெட்டிகளைத் தாமே திறப்பதில்லை. சந்தேகமானதைச் சுட்டிக்காட்டுவார்கள், அந்த நாட்டின் சுங்கத்துறை சோதிக்கும். இத்திட்டம் பின்னர் 58 துறைமுகங்களுக்கு விரிந்தது. அமெரிக்காவுக்குச் செல்லும் கொள்கலன்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை இவற்றின் ஊடாகவே செல்கின்றன.

சந்தேகம் எப்படி வருகிறது? கடதாசியிலிருந்து. 2002 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த 24 மணிநேர விதியின்படி, கப்பலில் ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே சரக்குப் பட்டியல் அமெரிக்காவுக்குச் சென்றுவிட வேண்டும். 'பொதுவான சரக்கு' என்று மொட்டையாக எழுதினால் ஏற்ற அனுமதி கிடைக்காது. 2009 இல் இன்னொரு விதி சேர்ந்தது: பொருளைச் செய்தவர் யார், கொள்கலன் எங்கே நிரப்பப்பட்டது, கப்பலில் எந்த இடத்தில் அடுக்கப்பட்டுள்ளது என்பனவும் தெரிவிக்கப்படவேண்டும்.

இந்தத் தரவுகளைக் கணினி மென்பொருள் ஒப்பிட்டுப் புள்ளி போடும். பத்து வருடமாக ஒரே கொம்பனிக்கு ஆடை அனுப்பும் தொழிற்சாலைக்குக் குறைந்த புள்ளி. முதல் தடவை ஏற்றுமதி செய்பவர், கூலியை ரொக்கமாகக் கட்டியவர், வழக்கமில்லாத வழியில் அனுப்பியவர், பொருளுக்கும் எடைக்கும் பொருத்தமில்லாதவர் ஆகியோருக்குக் கூடிய புள்ளி. உலகச் சுங்க அமைப்பு 2005 இல் ஏற்றுக்கொண்ட சட்டகமும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. கப்பல்களுக்கும் துறைமுக வளாகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிக்கோவை 2004 ஜூலையில் அமுலுக்கு வந்தது. அது வேலி, கமரா, நுழைவு அட்டை பற்றியது, பெட்டியின் உள்ளடக்கம் பற்றியது அல்ல.

வாசலில் நிற்கும் இரண்டு இயந்திரங்கள்

புள்ளி கூடிய பெட்டி இயந்திரத்துக்குப் போகிறது. இரண்டு வகை உண்டு. பலரும் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று கதிரியக்க வாசல். இரு பக்கமும் தூண்கள். நடுவே பாரவூர்தி மெதுவாகச் செல்லும். இது எதையும் வெளிவிடுவதில்லை, பெட்டியிலிருந்து வரும் காமாக் கதிரையும் நியூத்திரனையும் கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சில செக்கன்களில் முடிந்துவிடும் என்பதால் எல்லா வண்டிகளையும் இதன் ஊடாக விடலாம்.

சிக்கல் என்னவென்றால் உலகில் கதிரியக்கம் உள்ள சாதாரணப் பொருட்கள் ஏராளம். வாழைப்பழத்தின் பொட்டாசியம், தரை ஓடு, கருங்கல், உரம், பூனைக்கு இடும் களிமண் எல்லாமே மணியடிக்க வைக்கக்கூடியவை. எங்கள் புல்மோட்டைக் கரையின் கனிய மணலில் உள்ள மொனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதுவும் அப்படியே. வைத்தியசாலையில் கதிரியக்க மருந்து ஏற்றிக்கொண்ட சாரதி வண்டியோட்டி வந்தாலும் மணியடிக்கும். ஒவ்வொரு தடவையும் அதிகாரி ஒருவர் கைக்கருவியுடன் போய் எந்த மூலகம் என்று பார்க்கவேண்டும். நாளுக்குப் பல தடவை வீண் மணி அடிக்கும் இடத்தில், உண்மையான மணிக்கும் அதே சலிப்புடன்தான் எழுந்து போவார்கள் என்பது மனித இயல்பு.

மறுபுறம், செறிவூட்டிய யுரேனியம் வெளிவிடும் கதிர் பலவீனமானது. ஈயத்தால் மூடினால் வாசல் மௌனமாகிவிடும். அங்கேதான் இரண்டாவது இயந்திரம் தேவைப்படுகிறது. இது சக்திவாய்ந்த எக்ஸ்ரே அல்லது காமாக் கதிரைப் பெட்டிக்குள் செலுத்திப் படம் எடுக்கும். இன்றைய நல்ல கருவிகள் 30 சென்ரிமீற்றர் உருக்கையும் ஊடுருவும். ஈயக் கட்டி படத்தில் கறுப்பாக நிற்கும். பஞ்சுத் துணி என்று எழுதிய பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கட்டி தெரிந்தால் திறக்கவேண்டியதுதான். ஒன்றை ஏமாற்றும் வழி மற்றதிடம் காட்டிக்கொடுக்கிறது என்பதால் இரண்டும் சேர்ந்தே பயன்படுகின்றன.

ஆனால் படத்தைப் பார்ப்பது மனிதர். முழுப் பெட்டியும் இரும்புப் பாகங்கள் என்றால் எல்லாமே கறுப்பு. 2022 ஒக்டோபரில் கிரைமியாப் பாலத்தைத் தகர்த்த வெடிபொருள் பொலித்தீன் சுருள்களுக்குள் மறைக்கப்பட்டுப் பல நாடுகளின் எல்லைகளையும் துறைமுகங்களையும் கடந்து வந்ததாக ரஷ்யா கூறியது. ஸ்கேனர்களை ஏமாற்றும் வகையிலேயே அவை சுற்றப்பட்டன என்று உக்ரைன் உளவுத்துறைத் தலைவரும் 2023 இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அது ஓர் அரசின் வளங்களுடன் செய்யப்பட்ட வேலை. என்றாலும் ஸ்கேனர் சுவர் அல்ல என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. 2010 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்துக்கு சவூதி அரேபியாவின் ஜித்தாவிலிருந்து ஒரு கொள்கலன் செப்புக் கழிவுகளுடன் வந்தது. அதன் பக்கத்தில் அளந்தபோது மணிக்கு சுமார் 500 மில்லிசீவேர்ட் கதிர்வீச்சு. அருகில் சில மணித்தியாலங்கள் நின்றாலே உயிராபத்து. உள்ளே இருப்பது தவறுதலாகக் கழிவோடு கலந்த மருத்துவ அல்லது தொழிற்சாலைப் பொருளா, வெடிபொருள் சுற்றிய அழுக்குக் குண்டா என்று எவருக்கும் தெரியவில்லை. கல்லும் நீரும் நிரப்பிய வேறு கொள்கலன்களைச் சுற்றிலும் அடுக்கி மறைத்தார்கள். யார் பொறுப்பு, யார் செலவு என்று துறைமுகமும் கப்பல் கொம்பனியும் அரசும் மாறி மாறிக் கடிதம் எழுத ஒரு வருடம் போனது. 2011 ஜூலையில் ரோபோவைக் கொண்டு திறந்தபோது கிடைத்தது கோபால்ட்-60 கொண்ட ஒரு சிறிய கம்பி. கைகளில் அடங்கும் அளவு.

ஐரோப்பாவின் முக்கிய துறைமுகம் ஒன்றுக்கே இதைக் கையாள ஒரு வருடம் எடுத்தது என்றால், கொழும்புக்கு அப்படியொரு பெட்டி வந்தால் அதை வைக்கும் இடம் எது, திறக்கும் அதிகாரம் யாருக்கு என்று இப்போதே எழுதிவைத்திருக்க வேண்டும்.

நூறு சதவீதம் என்ற சட்டம்

2007 இல் அமெரிக்கக் காங்கிரஸ் தெரிவு செய்து சோதிக்கும் முறையில் நம்பிக்கை இழந்து, 2012 ஜூலைக்குள் அமெரிக்கா வரும் ஒவ்வொரு கொள்கலனும் வெளிநாட்டிலேயே ஸ்கேன் செய்யப்படவேண்டும் என்று சட்டமாக்கியது. அதற்கு முன்னோட்டமாக பாகிஸ்தானின் காசிம் துறைமுகம், ஹொண்டூராஸின் புவேர்ட்டோ கோர்ட்டெஸ், பிரித்தானியாவின் சவுத்தம்டன் ஆகியவற்றில் முழுமையாகவும், ஹொங்கொங், புசான் போன்ற பெரிய துறைமுகங்களில் ஒரு பகுதியாகவும் முயன்று பார்த்தார்கள்.

முடிவை அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே 2009 இல் எழுதியது. சிறிய மூன்று துறைமுகங்களில் 54 முதல் 86 சதவீதம் வரை ஸ்கேன் செய்ய முடிந்தது; பெரியவற்றில் சராசரியாக 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கருவிகள் பழுதடைந்தன. உலகின் 700க்கும் அதிகமான துறைமுகங்களில் இதைச் செய்ய 16 பில்லியன் டொலருக்கு மேல் தேவை என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் கணக்குச் சொன்னது. அந்தப் பணத்தை எந்த நாடு கட்டும்? எங்கள் துறைமுகத்தில் உங்கள் பாதுகாப்புக்கு நாங்கள் ஏன் செலவழிக்கவேண்டும் என்று ஐரோப்பா கேட்டது, நியாயமாகவே.

2012 இல் காலக்கெடு இரண்டு வருடம் நீட்டப்பட்டது. 2014 இல் மீண்டும் நீட்டப்பட்டது. அதன் பின்னரும் அப்படியே. சட்டம் நீக்கப்படவும் இல்லை, அமுலாகவும் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து இறங்கும் கொள்கலன்கள் ஏறக்குறைய எல்லாமே கதிரியக்க வாசலைக் கடக்கின்றன. ஆனால் படம் எடுக்கப்படுபவை அல்லது திறக்கப்படுபவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

கொழும்பின் தனிச் சிக்கல்

கொழும்பு 2003 இல் அமெரிக்கக் கொள்கலன் பாதுகாப்புத் திட்டத்தில் இணைய உடன்பட்டது. தெற்காசியாவில் முதல் துறைமுகம் அதுதான். 2005 இல் திட்டம் செயற்படத் தொடங்கியது. 2004 இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்துடன் இன்னொரு உடன்படிக்கை கைச்சாத்தாகி, அதன் கீழ் கதிரியக்க வாசல்கள் வந்தன. போர் நிறுத்தம் நிலவிய காலம் அது. ஆடை ஏற்றுமதியின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் செல்லும் நாட்டுக்கு மறுக்கும் வசதி அதிகம் இருக்கவில்லை.

இந்த ஏற்பாடுகள் எல்லாமே வாசலை அடிப்படையாகக் கொண்டவை. கொழும்பில் இறங்கும் கொள்கலன்களில் ஐந்தில் நான்கு பங்கோ வாசலுக்கே வருவதில்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி, முற்றத்தில் சில நாட்கள் கிடந்து, இன்னொரு கப்பலில் ஏறி இந்தியாவுக்கோ பங்களாதேஷுக்கோ ஐரோப்பாவுக்கோ போகின்றன. இலங்கைச் சுங்கத்துக்கு அவற்றில் வரி இல்லை. ஆகவே பார்க்கவேண்டிய அன்றாடத் தேவையும் இல்லை. பஹாமாஸின் ஃப்ரீபோர்ட்டில் இதே சிக்கலுக்குத் தீர்வாக முற்றத்தில் ஓடும் தூக்கு வாகனத்திலேயே கதிரியக்க உணரியைப் பொருத்தினார்கள். பெட்டி வாசலுக்கு வராவிட்டால் வாசல் பெட்டியிடம் போகட்டும் என்ற யோசனை.

கப்பல் மாறும் சரக்கில் என்ன இருக்கலாம் என்பது கொழும்புக்குத் தெரியாத விடயமல்ல. 2016 டிசெம்பரில் ஈக்குவடோரிலிருந்து இந்தியாவுக்குப் போகவிருந்த ஒரு கொள்கலனில் 928 கிலோகிராம் கொக்கெய்ன் பிடிபட்டது. 2018 ஜனவரியில் அது பகிரங்கமாக அழிக்கப்பட்டது. பயங்கரவாதத்துக்காக வாங்கிய இயந்திரங்களும் பழக்கிய அதிகாரிகளும் உலகெங்கும் அன்றாடம் பிடிப்பது போதைப்பொருளையும் வரி ஏய்ப்பையும்தான். அன்ட்வேர்ப் துறைமுகத்தில் 2023 இல் மட்டும் 116 தொன் கொக்கெய்ன் கைப்பற்றப்பட்டது. அவ்வளவு பிடிபட்டும் ஐரோப்பாவில் அதற்குத் தட்டுப்பாடு வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். துறைமுகத்துக்குள் வேலை செய்பவர்களை விலைக்கு வாங்கிவிட்டால் ஸ்கேனர் எவ்வளவு நல்லது என்பது முக்கியமில்லை என்று அங்குள்ள வழக்குகள் காட்டுகின்றன.

இறக்குமதிக் கொள்கலன்களுக்கு இலங்கையில் நிறங்கள் உண்டு. கணினி முறைமை ஆபத்தின் அளவைக் கொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகுக்கும். சிவப்பு என்றால் ஒருகொடவத்தை போன்ற பரிசோதனை முற்றத்துக்குக் கொண்டுசென்று பொருளைப் பார்க்கவேண்டும். 323 கொள்கலன் சர்ச்சையின் பாரதூரம் எண்ணிக்கையில் இல்லை. ஆயிரக்கணக்கான பச்சைப் பெட்டிகள் எந்நாளும் திறக்கப்படாமலே போகின்றன. பார்க்கவேண்டும் என்று முறைமை தானாகவே தெரிவு செய்தவற்றை ஒரு கையெழுத்து மாற்றியது என்பதே விடயம். தெரிவின் மீது கட்டப்பட்ட பாதுகாப்பில் தெரிவை மீறும் அதிகாரம் யாரிடம் உள்ளது, அது எங்கே பதிவாகிறது என்பதே முதலில் கேட்கப்படவேண்டியது.

கடதாசியால் வரும் ஆபத்துக்கு இந்த நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1997 இல் இலங்கை இராணுவம் சிம்பாப்வேயில் பணம் கொடுத்து வாங்கிய 32,400 மோட்டார் எறிகணைகள் கொழும்புக்கு வந்து சேரவில்லை. அவற்றை ஏற்றியது விடுதலைப் புலிகளுடன் தொடர்புடைய கப்பல். ஏற்றிய துறைமுகத்தில் ஆவணங்கள் ஒழுங்காக இருந்தன. சரக்கும் ஆவணத்தில் சொன்னபடியே இருந்தது. எந்த ஸ்கேனரும் அதில் பிழை கண்டிருக்காது.

இன்னொன்று அண்மையது. 2017 முதல் பிரித்தானியாவிலிருந்து 'பாவித்த மெத்தைகள், விரிப்புகள்' என்ற பெயரில் 263 கொள்கலன்கள் கொழும்புக்கு வந்தன. 2019 இல் விடயம் வெளியானபோது, அவற்றில் வைத்தியசாலைக் கழிவுகளும் இருப்பது தெரியவந்தது. ஒரு பகுதி அதற்குள் வெளியே எடுக்கப்பட்டிருந்தது. மிகுதி துறைமுகத்திலேயே, வேலிக்கும் கமராக்களுக்கும் நடுவே, மாதக்கணக்கில் கிடந்தது. நீதிமன்றத்துக்குப் போய், கடைசித் தொகுதி திருப்பி அனுப்பப்பட்டபோது 2022 பெப்ரவரி ஆகிவிட்டது.